மழைநீர் சேகரிப்பு: நம் ஊர்க் கூரையைப் பார்த்து எழுதுவோம்



போன தவணையில் என் படிவம் 5 மாணவர்களுக்கு ‘மழைநீர் சேகரிப்பின் அவசியம்’ என்று ஒரு கருத்து விளக்கக் கட்டுரை கொடுத்தேன். வந்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஒரே மாதிரி இருந்தன. வான்சிறப்பு அதிகாரத்துக் குறளோடு தொடக்கம். அடுத்த பத்தியில் நிலத்தடி நீர் வற்றிவிட்டது, கிணறுகள் காய்ந்துவிட்டன, பெண்கள் குடத்தோடு பல மைல் நடக்கிறார்கள். முடிவில் ‘சிறுதுளி பெருவெள்ளம்’. எழுத்துப்பிழை அதிகமில்லை, வாக்கியங்களும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் படித்து முடித்ததும் எனக்கு ஏதோ இடித்தது.

ஒரு மாணவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். “தம்பி, உங்க தாமான்ல கிணறு இருக்கா?”

“இல்ல டீச்சர். இண்டர்நெட்ல பார்த்து எழுதுனேன்.”

“போன வாரம் ஏன் ரெண்டு நாள் யூனிஃபார்ம் துவைக்காம வந்தே?”

“தண்ணி இல்ல டீச்சர். மூணு நாளா கட். லோரியில வந்த தண்ணிய பிடிச்சு வச்சோம்.”

“அந்த மூணு நாள்ல மழை பெஞ்சுச்சா?”

கொஞ்சம் யோசித்தான். “பெஞ்சுச்சு டீச்சர். ஒவ்வொரு சாயங்காலமும் நல்ல மழை.”

இந்தப் பதிலில்தான் கட்டுரையே இருக்கிறது. வானத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, குழாயில் காற்று வருகிறது. இதுதான் நம் நாட்டு நிலை. இதை விட்டுவிட்டு, பார்த்தே இராத கிணற்றைப் பற்றி அவன் எழுதியிருக்கிறான். தவறு அவனுடையது மட்டும் இல்லை. தமிழில் இத்தலைப்பில் கிடைக்கும் தகவல்களில் பெரும்பாலானவை தமிழ்நாட்டுச் சூழலுக்காக எழுதப்பட்டவை. நாமும் அதையே நகலெடுத்து வகுப்பில் கொடுத்துவிடுகிறோம். அதனால்தான் மலேசியச் சூழலை வைத்து இந்த விளக்கத்தை எழுதுகிறேன். வகுப்பில் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

1. அங்கே நிலத்துக்குள், இங்கே தொட்டிக்குள்

தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். மீதி மாதங்களுக்கு மக்கள் ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கிறார்கள். அதனால் அங்கே கூரைத் தண்ணீரைக் குழி வழியாக மண்ணுக்குள் இறக்குவது முக்கிய வேலை. பூமியே அவர்களுக்குத் தொட்டி.

தீபகற்ப மலேசியாவில் ஆண்டு மழை சராசரியாக 2,400 மில்லிமீட்டருக்கு மேல். அதுவும் ஏறக்குறைய எல்லா மாதமும் பெய்கிறது. நம் வீட்டுக் குழாய்க்கு வரும் தண்ணீரின் பெரும்பகுதி ஆற்றிலிருந்தும் அணைகளிலிருந்தும் எடுத்துச் சுத்திகரிக்கப்படுகிறது. (கிளந்தானில் மட்டும் நிலத்தடி நீர் கணிசமாகப் பயன்படுகிறது.) ஆகவே இங்கே மழைநீரைத் தொட்டியில் பிடித்து, அடுத்த சில நாட்களுக்குள் பயன்படுத்துவதே வழக்கமான முறை. தொட்டி காலியானாலும் பெரும்பாலும் சில நாட்களில் அடுத்த மழை வந்துவிடும்.

அப்படியானால் இவ்வளவு மழை பெய்யும் நாட்டில் சேமிப்பு எதற்கு? மாணவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். இதற்கு மூன்று காரணங்கள் உண்டு.

முதல் காரணம், விநியோகத் தடை. 1998-இல் எல் நினோ வறட்சியால் கிள்ளான் பள்ளத்தாக்கில் தண்ணீர்ப் பங்கீடு வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1999-இல், வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சு மழைநீர் சேகரிப்புக்கான வழிகாட்டியை வெளியிட்டது. 2014-இல் சிலாங்கூரில் மறுபடியும் பங்கீடு. 2020 செப்டம்பரிலோ மழை இல்லாதது பிரச்சினையே இல்லை. சிலாங்கூர் ஆற்றில் மாசு கலந்ததால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. சுமார் 12 லட்சம் நீர்க் கணக்குகள் பாதிக்கப்பட்டன. ஆறு நிறையத் தண்ணீர் ஓடியது, ஆனால் எடுக்க முடியவில்லை.

இரண்டாவது காரணம், வீணடிப்பு. மலேசியர் ஒருவர் நாளொன்றுக்கு 200 லிட்டருக்கு மேல் நீர் பயன்படுத்துகிறார். இதில் ஒரு பகுதி கழிப்பறைத் தொட்டிக்கும் கார் கழுவுவதற்கும் செடிக்கும் போகிறது. ஆற்றிலிருந்து எடுத்து, வடிகட்டி, குளோரின் கலந்து, பல கிலோமீட்டர் குழாயில் கொண்டுவந்த குடிநீரைத்தான் நாம் கழிப்பறையில் ஊற்றுகிறோம்.

மூன்றாவது காரணம், திடீர் வெள்ளம். சிமெண்டு போட்ட நகரத்தில் கூரைத் தண்ணீர் எல்லாம் ஒரே நேரத்தில் கால்வாய்க்குள் பாய்கிறது. அதில் ஒரு பகுதியைத் தொட்டிகள் தாங்கிக்கொண்டால் கால்வாயின் சுமை குறையும். வடிகால், நீர்ப்பாசனத் துறையின் ‘மஸ்மா’ எனப்படும் சுற்றுச்சூழல் நட்பு வடிகால் கையேடும் இந்த நோக்கில்தான் மழைநீர் சேகரிப்பைச் சேர்த்திருக்கிறது.

2. பாட்டியின் பீப்பாயும் இன்றைய அமைப்பும்

அந்த மாணவனிடம் வீட்டில் பெரியவர்களைக் கேட்டு வரச் சொன்னேன். ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த அவன் பாட்டி சொன்னாராம்: “லயத்துல தகரக் கூரை ஓரமா பீப்பா வச்சிருப்போம். மழை ஆரம்பிச்ச உடனே பிடிக்க மாட்டோம். கூரை நல்லா கழுவிப் போகட்டும்னு கொஞ்ச நேரம் பீப்பாவ தள்ளி வச்சிருப்போம். அப்புறமா வாயில பழைய வேட்டிய கட்டிப் பிடிப்போம். அந்தத் தண்ணி துணிக்கும் பாத்திரத்துக்கும்தான்.”

இன்று கடையில் விற்கும் அமைப்பில் இருப்பதும் இவைதான், பெயர்கள்தான் மாறியிருக்கின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கூரை: இதுவே நீர்ப்பிடிப்புப் பகுதி. ஓடு, தகரம் இரண்டும் பொருந்தும். கணக்குப் போடும்போது சரிவின் நீளத்தை எடுக்கக் கூடாது. மேலிருந்து பார்த்தால் கூரை எவ்வளவு இடத்தை மூடுகிறதோ அதுதான் பரப்பளவு.

கூரைக் கால்வாயும் இறங்கு குழாயும்: கூரை விளிம்பில் ஓடும் கால்வாய் தண்ணீரைத் திரட்டுகிறது, குழாய் அதைக் கீழே கொண்டுவருகிறது. இலை தழை அடைக்காமல் இருக்க மேலே வலை வேண்டும்.

முதல் மழை விலக்கி: பாட்டி பீப்பாயைத் தள்ளி வைத்த வேலையை இது செய்கிறது. மழையின் முதல் சில நிமிடத் தண்ணீரில் தூசி, பறவை எச்சம், பூனை எலி அசுத்தம் எல்லாம் இருக்கும். அது தனிக் குழாய் ஒன்றில் போய் நிரம்பும். அக்குழாய் நிரம்பிய பிறகே அடுத்து வரும் சுத்தமான தண்ணீர் தொட்டிக்குப் போகும். 100 சதுர மீட்டருக்குக் குறைவான கூரைக்கு 25 முதல் 50 லிட்டர் வரை விலக்கினால் போதும். மழை நின்றதும் இந்தக் குழாயைக் காலி செய்ய வேண்டும். இதை மறந்துவிட்டால் அடுத்த மழையின் அழுக்கு நேராகத் தொட்டிக்குப் போய்விடும்.

வடிகட்டி: இதுதான் பாட்டி கட்டிய வேட்டி. மெல்லிய கம்பி வலையோ நார் வடிகட்டியோ போதும்.

தொட்டி: வெயில் புகாத அடர்ந்த நிறமாக இருந்தால் பாசி பிடிக்காது. 1,000 லிட்டர் தண்ணீரின் எடை 1 டன் என்பதை நினைவில் வையுங்கள். ஆகவே கார் நிறுத்துமிடத்துக் கூரைமேல் ஏற்றிவிடக் கூடாது, உறுதியான தளம் வேண்டும்.

மிகை நீர்க் குழாய்: தொட்டி நிரம்பியதும் மீதி இதன் வழியே கால்வாய்க்குப் போகும்.

3. சிறுதுளி எவ்வளவு பெருவெள்ளம்? ஒரு கணக்கு

‘சிறுதுளி பெருவெள்ளம்’ என்று எழுதினால் மட்டும் போதாது, எவ்வளவு என்று சொன்னால்தான் கருத்து நிற்கும். இதற்கு ஒரே ஒரு விதி தெரிந்தால் போதும்: 1 சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர்.

ஒரு வரிசை வீட்டில் 60 சதுர மீட்டர் கூரையிலிருந்து நீரைத் திரட்டுகிறோம் எனக் கொள்வோம். ஒரு சாயங்கால மழை 20 மில்லிமீட்டர் பெய்கிறது.

60 × 20 = 1,200 லிட்டர்.

தெறிப்பது, கூரையில் ஒட்டி ஆவியாவது என ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 960 லிட்டர். முதல் மழை விலக்கிக்கு 30 லிட்டர் போனால் 930 லிட்டர். ஒரே மழையில் 1,000 லிட்டர்த் தொட்டி ஏறக்குறைய நிரம்பிவிட்டது.

இப்போது செலவைப் பார்ப்போம். ஐந்து பேர் உள்ள குடும்பம், ஆளுக்கு ஒரு நாளில் 4 முறை கழிப்பறை, ஒவ்வொரு முறைக்கும் 6 லிட்டர்:

5 × 4 × 6 = 120 லிட்டர்.

930 லிட்டர் ஏழு நாளைக்கு மேல் தாங்கும். மூன்று நாள் தண்ணீர்த் தடை வந்தால் அந்தக் குடும்பம் கழிப்பறைக்காக வாளி தூக்கிக்கொண்டு லோரிக்குப் பின்னால் ஓட வேண்டியதில்லை. லோரித் தண்ணீரைச் சமையலுக்கும் குடிக்கவும் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். மாணவர்கள் எல்லாரும் ‘பணம் மிச்சமாகும்’ என்று முதல் கருத்தாக எழுதுகிறார்கள். நாளுக்கு 120 லிட்டர் என்றால் மாதத்துக்கு 3,600 லிட்டர், அதாவது 3.6 கன மீட்டர். நம் நாட்டில் வீட்டுக்கான நீர்க் கட்டணம் குறைவு. ஆகவே மிச்சமாவது மாதம் சில ரிங்கிட்தான். தொட்டி, குழாய், பம்பு எல்லாம் சேர்த்துச் செய்யும் செலவு திரும்பி வரப் பல ஆண்டுகள் ஆகும். வீட்டைப் பொறுத்தவரை, தடைக்காலப் பாதுகாப்புதான் வலுவான வாதம், பண மிச்சம் பலவீனமான வாதம். எந்தக் கருத்தை முதலில் வைப்பது என்று தெரிந்து வைப்பவனுக்குத்தான் கட்டுரையில் புள்ளி ஏறும்.

4. வணிகக் கட்டடங்களில் நிலை வேறு

வணிகக் கட்டடம் என்றாலே அதிகம் சேகரிக்கலாம் என்று நினைக்கிறோம். அது கட்டடத்தின் வடிவத்தைப் பொறுத்தது.

8,000 சதுர மீட்டர் கூரையுள்ள ஒரு பேரங்காடியை எடுத்துக்கொள்வோம். அதே 20 மில்லிமீட்டர் மழைக்கு, கழிவு போக, 1,28,000 லிட்டர் கிடைக்கும். அதன் கழிப்பறைகளில் ஒரு நாளைக்கு 1,000 முறை நீர் இறைக்கப்படுகிறது என்றால் தேவை 6,000 லிட்டர். போதிய அளவு தொட்டி இருந்தால் ஒரு மழை மூன்று வாரத்துக்கு வரும்.

இப்போது ஓர் உயரமான அலுவலகக் கோபுரம். கூரை 1,000 சதுர மீட்டர்தான், வேலை செய்பவர்களோ 2,000 பேர். அதே மழையில் கிடைப்பது 16,000 லிட்டர். ஆளுக்கு 3 முறை என்றாலும் ஒரு நாள் தேவை 36,000 லிட்டர். ஒரு மழை அரை நாளுக்குக்கூடப் போதாது. அங்கே இந்த நீரைச் செடிகளுக்கும் தரை கழுவவும் பயன்படுத்துவதுதான் பொருத்தம். தாழ்ந்து பரந்த கட்டடத்துக்கு மழைநீர் கைகொடுக்கும், உயர்ந்து ஒடுங்கிய கட்டடத்துக்கு அது கைச்செலவுக்குத்தான் ஆகும். பள்ளிக்கூடம், தொழிற்சாலை, கோயில் மண்டபம் எல்லாம் முதல் வகை.

வணிகக் கட்டடங்களுக்கான நீர்க் கட்டணம் வீட்டுக் கட்டணத்தைவிட அதிகம். அதனால் இங்கே பண மிச்சம் என்ற வாதம் எடுபடும். குளிரூட்டும் கோபுரங்களில் ஆவியாகிப் போகும் நீரை ஈடுகட்டவும் மழைநீரைப் பயன்படுத்தலாம். அதற்குக் கூடுதல் வடிகட்டலும் கிருமி நீக்கமும் தேவை.

பக்கத்து நாட்டு எடுத்துக்காட்டும் பயன்படும். சிங்கப்பூரின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி. சாங்கி விமான நிலையத்தில் ஓடுபாதைகளிலும் சுற்றியுள்ள புல்வெளிகளிலும் விழும் மழை குளங்களில் தேக்கப்பட்டு, கழிப்பறைகளுக்கும் தீயணைப்புப் பயிற்சிக்கும் போகிறது. 2019-இல் திறக்கப்பட்ட ஜுவல் வளாகத்தின் 40 மீட்டர் நீர்வீழ்ச்சியிலும் மழைநீர் பயன்படுகிறது.

நம் நாட்டில் சில வகைப் புதிய கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு அமைப்பு இப்போது கட்டாயம். எந்த வகைக் கட்டடம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால், வீடு கட்டுவோர் தங்கள் நகராண்மைக் கழகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

5. கவனமாக இல்லாவிட்டால்

என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரு தண்ணீர்த் தடைக்குப் பிறகு ஆர்வக்கோளாறில் பின்கட்டில் பெரிய பீப்பாய் ஒன்றை வைத்தேன், மூடி போடவில்லை. இரண்டு வாரத்தில் உள்ளே கொசுப்புழு நெளிந்தது. பக்கத்து வீட்டு அக்காதான் பார்த்துச் சொன்னார், “டீச்சர், புள்ளைங்க இருக்குற எடம், டிங்கி வந்துரும்.” எனக்கு வெட்கமாகிவிட்டது. அன்றே கொட்டிக் கழுவினேன்.

ஏடிஸ் கொசு சுத்தமான தேங்கிய நீரில் முட்டையிடும். மழைநீர்த் தொட்டி அதற்கு நல்ல வசதி. ஆகவே தொட்டி மூடியில் மட்டுமல்லாமல், நீர் வரும் வழியிலும் மிகை நீர்க் குழாயின் வாயிலும் மெல்லிய வலை கட்டாயம் வேண்டும். பலர் மறப்பது மிகை நீர்க் குழாயைத்தான். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், வீட்டில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால் அபராதமும் உண்டு.

இரண்டாவதாக, இது குடிநீர் அல்ல. எலியின் சிறுநீரால் பரவும் நோய்க்கிருமிகளும் கூரையிலிருந்து வரலாம். குழாயின் மேல் ‘குடிப்பதற்கு அல்ல’ என்று எழுதி வையுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இது மிக முக்கியம்.

மூன்றாவதாக, மழைநீர்க் குழாயையும் குடிநீர்க் குழாயையும் நேராக இணைக்கவே கூடாது. குடிநீர்க் குழாயில் அழுத்தம் குறையும்போது மழைநீர் அதற்குள் உறிஞ்சப்பட்டு, அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் போய்விடலாம். மழைநீர்க் குழாய்க்குத் தனி நிறம் கொடுப்பது வழக்கம்.

நான்காவது, அளவுக்கு மீறி நம்பிவிடக் கூடாது. 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவை மூழ்கடித்த வெள்ளத்தை வீட்டுத் தொட்டிகள் தடுத்திருக்காது. நாள் கணக்கில் பெய்யும் மழையில் 1,000 லிட்டர்த் தொட்டி முதல் மணி நேரங்களிலேயே நிரம்பிவிடும். தவிர, இதில் ஒரு முரணும் உண்டு. தண்ணீர்த் தடைக்குத் தொட்டி நிறைந்திருக்க வேண்டும், வெள்ளத்தைத் தாங்க அது காலியாக இருக்க வேண்டும். தினமும் பயன்படுத்திக்கொண்டே இருந்தால்தான் இரண்டுக்கும் ஓரளவு இடம் கிடைக்கும். ‘அவசரத்துக்கு இருக்கட்டும்’ என்று தொடாமல் வைத்திருக்கும் தொட்டியால் வெள்ளத்துக்குப் பயனில்லை. நாளடைவில் நீரும் கெட்டுவிடும்.

6. கட்டுரையில் எப்படிக் கொண்டுவருவது?

முதலில் எழுதியது: ‘மழைநீரைச் சேகரித்தால் நீர்ப் பற்றாக்குறை நீங்கும்.’

திருத்தி எழுதியது: ‘60 சதுர மீட்டர் கூரையில் பெய்யும் ஒரு நல்ல மழை, ஐந்து பேர் கொண்ட குடும்பத்தின் கழிப்பறைத் தேவையை ஒரு வாரத்திற்கு நிறைவு செய்யும், ஆகவே, நீர்த்தடைக் காலத்தில் குடும்பத்தின் இன்னல் குறையும்.’

இரண்டாவது வாக்கியத்தில் கருத்து, சான்று, விளைவு மூன்றும் இருக்கின்றன. விவாதக் கட்டுரையாக வந்தால் கொசு, செலவு, பராமரிப்பு ஆகியவற்றை எதிர்ப்புக் கருத்துகளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் தீர்வைச் சொல்லி மறுக்கலாம். எதிர்ப்பை மறைக்கிற கட்டுரையைவிட, எடுத்துச் சொல்லிப் பதில் கொடுக்கிற கட்டுரைதான் நிற்கும்.

பயன்படும் சொற்கள்: நீர்ப்பிடிப்புப் பகுதி, முதல் மழை விலக்கி, வடிகட்டி, மிகை நீர், சுத்திகரிக்கப்பட்ட நீர், விநியோகத் தடை, நீர்ப் பங்கீடு, திடீர் வெள்ளம்.

அந்த மாணவன் கட்டுரையைத் திருப்பி எழுதினான். கிணறு போய்விட்டது. பாட்டியின் பீப்பாயும், தாமானில் லோரி வந்து நின்ற இரவும், 930 லிட்டர்க் கணக்கும் வந்துவிட்டன. இரண்டு இடத்தில் வலி மிகாமல் எழுதியிருந்தான், அதைத் திருத்திக்கொள்ளலாம். கீழே அவனே ஒரு குறிப்பு எழுதியிருந்தான்: ‘டீச்சர், நம்ம பள்ளி மண்டபக் கூரை எத்தனை சதுர மீட்டர்?’ அடுத்த வாரம் அளவு நாடாவோடு போகப் போகிறோம்.

மாணவர் பயிற்சிக்கு

1. உங்கள் பள்ளி மண்டபத்தின் நீள அகலத்தை அளந்து, 20 மில்லிமீட்டர் மழைக்கு எத்தனை லிட்டர் நீர் கிடைக்கும் எனக் கணக்கிடுக. கழிவாக ஐந்தில் ஒரு பங்கை நீக்குக.

2. அடுக்குமாடிக் குடியிருப்பில் மழைநீர் சேகரிப்பு வரிசை வீட்டைப்போல் பயன் தருமா? கூரையின் பரப்பையும் குடியிருப்போர் எண்ணிக்கையையும் ஒப்பிட்டு விளக்குக.

3. உங்கள் தாத்தா, பாட்டி மழைநீரை எப்படிப் பிடித்து, எதற்குப் பயன்படுத்தினார்கள் எனக் கேட்டு ஒரு பத்தி எழுதுக.

4. ‘எல்லாப் புதிய வீடுகளுக்கும் மழைநீர்த் தொட்டியைக் கட்டாயமாக்க வேண்டும்.’ இக்கூற்றை ஆதரித்தோ எதிர்த்தோ விவாதித்து எழுதுக.